ஒரு பெட்டியை விட்டு வையுங்கள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கணினி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷமாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டரில் காகிதம் சிக்கிவிட்டது, ப்ரொஜெக்டர் எல்லாரையும் ஊதா நிறத்தில் காட்டுகிறது என்று உங்களில் பலர் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வகங்களின் தூசியை உங்களைவிட அதிகம் தின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பெயர் போட்டு உங்களில் யாருக்காவது அனுப்பினால் அவரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. இனி உதவாது என்று கண்டம் செய்த கணினிகளை ஏலம் விடப் போகிறார்களாம், முன்னால் ஒரு மதிப்பு சொல்ல வேண்டுமாம். போனேன். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் இருபத்திரண்டு பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மேல் வரிசையில் காக்கை எச்சம். "பாய், கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்றார் அங்கிருந்த உதவியாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக ஓட விட்டேன். பதினாறு உயிரோடு இருந்தன. மூன்றுக்கு ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டதே போதுமாக இருந்தது.

பிறகு ஏன் கண்டம்? காரணம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்காது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேட்கும். பெட்டி ஓடும், ஆனால் ஓடக்கூடாது. பால் கறக்கிற மாட்டை அடிமாட்டு லாரியில் ஏற்றுகிற கதைதான்.

ஏலத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. இருப்புப் பதிவேடு, தணிக்கை, இட நெருக்கடி என்று உங்கள் பாடு உங்களுக்கு. நான் கேட்பது பள்ளிக்கு ஒரு பெட்டி. மூடியைக் கழற்றி, பிள்ளைகள் கை வைக்கிற உயரத்தில் ஒரு மேசையில் போட்டு வையுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. எதற்கு என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருந்தாள். முதல் இயலிலேயே தலைமுறை அட்டவணை. வெற்றிடக் குழல், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று, நுண்செயலி, ஐந்தாவதாகச் செயற்கை நுண்ணறிவு. வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வாள். "அந்த அஞ்சாம் தலைமுறை எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சு?" என்று கேட்டேன். "புக்குல போட்டிருக்கு வாப்பா" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. 'ஐந்தாம் தலைமுறைக் கணினி' என்பது ஜப்பான் அரசு 1982இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் பெயர். மனிதனைப் போல் தர்க்கம் செய்யும் இயந்திரத்தைப் பத்து வருஷத்தில் கட்டிவிடலாம் என்று புறப்பட்டார்கள். விதிகளை எழுதி, புரோலாக் வகை நிரல் மொழியில், பல செயலிகளை ஒன்றாக ஓட்டி. உலகமே பயந்துபோய்ப் பார்த்தது. பத்து வருஷம் கழிந்தது, எதிர்பார்த்த இயந்திரம் வரவில்லை, திட்டத்தை மூடினார்கள். ஆனால் அந்தப் பெயர் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. ஒரு நாட்டின் நிறைவேறாத ஆசையை நடந்து முடிந்த வரலாறாக எழுதி நம் பிள்ளைகள் மதிப்பெண் வாங்குகிறார்கள்.

இன்று எல்லாருடைய போனிலும் பேசுகிற செயற்கை நுண்ணறிவு வேறு சந்து வழியாக வந்தது. 1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட் நரம்பணுவைப் போல ஒரு அமைப்பைச் செய்து பார்த்தார். கொஞ்ச காலத்தில் அது வேலைக்கு ஆகாது என்று ஓரங்கட்டினார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை யாராவது எடுப்பதும் மற்றவர்கள் சிரிப்பதுமாகக் கிடந்தது. 2012இல் டொராண்டோவில் மூன்று பேர், படத்தைப் பார்த்து அது என்னவென்று சொல்லும் நரம்பணு வலைப்பின்னல் ஒன்றைப் பழக்கினார்கள். எதை வைத்துத் தெரியுமா? கணினி விளையாட்டுக்கென்று விற்ற ஜி.டி.எக்ஸ். 580 கிராபிக்ஸ் அட்டைகள் இரண்டு. ஐந்தாறு நாள் ஓடியது. போட்டியில் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது. அதே ரகத்து அட்டை ஒன்று என் கடை அலமாரியில் இருக்கிறது, கேம் விளையாடியே கருக்கிக் கொண்டுவந்த ஒரு பையன் விட்டுப் போனது. அதைக் கையில் கொடுத்து இந்தக் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

அட்டவணையில் இன்னொரு கோளாறும் உண்டு. பெட்டிக்குள் என்ன உதிரிப்பாகம் இருந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது. பெட்டி யாருடையது என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால் கணினியின் வரலாற்றில் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

எனக்குக் கணக்கும் தொழிலும் சொல்லித் தந்த ஒரு பேராசிரியர் இருந்தார். இப்போது இல்லை. 1970களில் ஆராய்ச்சிக்காக இங்கிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போவார். ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனி உதவியில் 1973இல் வந்த ஐ.பி.எம். 370/155 கணினி இருந்தது. நிரல் எல்லாம் துளை போட்ட அட்டையில். ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஓர் அட்டையில் 80 எழுத்து. கட்டைச் சன்னலில் நீட்டிவிட்டு வர வேண்டும். இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாது. மறுநாள் போனால் அகலக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப் போயிருந்தால் அதைத்தான் அந்தக் காகிதம் சொல்லும். இன்னொரு நாள் விடுதிச் சாப்பாடு.

ஒருமுறை எழும்பூர் நிலையப் படிக்கட்டில் அட்டைக் கட்டு கை நழுவி விழுந்து சிதறியதாம். முந்நூற்றுச் சொச்சம் அட்டை. அழுகை வந்துவிட்டது என்றார். ஆனால் முன்பே யாரோ சொல்லிக் கொடுத்தபடி கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு பேனாக் கோடு இழுத்து வைத்திருந்தார். கோடு நேராக வருகிற மாதிரி அடுக்கினால் வரிசை திரும்பிவிடும். பிளாட்பாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து அடுக்கினாராம். மிஞ்சிய அட்டை ஒன்றைப் புத்தக அடையாளமாக வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஐ.பி.எம். இந்தியாவில் இயந்திரத்தைப் பெரும்பாலும் விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டது. வெளியே பழசாகிவிட்ட 1401 ரகங்கள் இங்கே வாடகையில் ஓடிக்கொண்டிருந்தன. இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அரசு சட்டம் காட்டியதும் 1978இல் கடையைக் கட்டிப் போனது. அந்த இடைவெளியில் வளர்ந்த கம்பெனிகளில் எச்.சி.எல். ஒன்று. 1976இல் அதைத் தொடங்கிய ஷிவ் நாடார் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழி, அப்போதைய திருநெல்வேலி மாவட்டம்தான். நம் ஊர்ப் பெயர் வருகிறதே என்று பெருமைக்குச் சொல்லவில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இயந்திரம் சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்த காலம் அது. மேசைக் கணினி வந்ததும் பேராசிரியர் செய்த முதல் காரியம், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வேண்டுமென்றே தப்பான நிரலை ஓட்டிப் பார்த்ததுதான். "கேக்க ஆள் இல்லல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் எனக்குத் தந்துவிட்டுப் போன இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டம். அதற்குள் மயிரிழைக் கம்பிகள் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடுகின்றன. கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியிலும் கடுகளவு கறுப்பு வளையம். காந்த வளைய நினைவகம் என்பார்கள். வளையத்தை ஒரு பக்கமாகக் காந்தப்படுத்தினால் 1, மறுபக்கமாக என்றால் 0. மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் சொந்தமாகக் கட்டி 1960இல் ஓட்டிய டிஃப்ராக் கணினியின் நினைவகம் இந்த வகைதான். ஒரு 0 அல்லது 1தான் ஒரு பிட்டு. 40 பிட்டு கொண்ட சொல் 2,048. கூட்டிப் பார்த்தால் 10 கிலோபைட்டு. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புகிற ஒரு ஸ்டிக்கர்கூடப் பல நேரம் அதற்குள் கொள்ளாது.

அந்தச் சட்டத்தை உம்மாவிடம் காட்டினேன். நாங்கள் பத்தமடை. உம்மா கோரைப்பாய் நெய்தவள். (பாய் நெய்கிற வீட்டுப் பாய் என்று என்னைக் கேலி பண்ணாத கூட்டாளி கிடையாது.) கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பாவு. இது ஊடை. இந்த மூலைவாட்டுல ஓடுதே, இது என்னத்துக்கு வாப்பா?"

நான் கணினி படித்த நாலு வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. மூலைவாட்டில் ஓடும் அந்தக் கம்பிதான் வளையத்தில் இருப்பதைப் படிக்கிற கம்பி. நெடுக்கும் குறுக்கும் எழுத, மூலைவாட்டு படிக்க. படிக்கும்போது வளையம் அழிந்துவிடும், அதனால் படித்த கையோடு திரும்ப எழுத வேண்டும் என்று விளக்கினேன்.

"படிச்சா அழிஞ்சிருமா? அப்ப உன்ன மாதிரித்தான்" என்றாள்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்வார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு எழுத்துக்கு எத்தனை பாவு விட்டு எத்தனை எடுக்க வேண்டும் என்ற கணக்கு உம்மாவின் தலைக்குள்தான் இருந்தது. எழுதி வைத்ததில்லை. கட்டம் கட்டமாக எண்ணி எழுத்தை வரைவது என்றால், ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் செய்த வேலையும் அதுதானே? பட்டுத் தறியில் பூ விழுவதற்கு அட்டையில் துளை போட்டு மாட்டும் ஜக்கார்டு தறி பிரான்சில் 1804இல் வந்தது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை போடலாம் என்று நினைத்தார். நிலவுக்குப் போன அப்பல்லோ ஓடத்தின் நிரலை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் கம்பியால் நெய்தார்கள். வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. ஒரு இழை தப்பினால் நிரல் தப்பு. கோரையை ஆற்றில் ஊறப்போட்டுக் கீறி நெய்கிற ஊரில் இருந்துகொண்டு, கணினி என்றால் வெளிநாட்டில் ஆண்கள் கண்டுபிடித்தது என்று பிள்ளைகளை நினைக்க விடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்கும் நினைவிருக்கும், 90களில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். ஏ.சி. ஓடும், சன்னலில் கறுப்புத் திரை, கண்ணாடிக் கதவு. தூசி போகக் கூடாது என்பது காரணம். வைரஸ் செருப்பில் ஒட்டி வரும் என்று நம்பியவர்களும் உண்டு, நான் பொய் சொல்லவில்லை. கோயில், பள்ளிவாசல், அதற்கடுத்து கம்ப்யூட்டர் ரூம். மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அபச்சாரம் மாதிரி. அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போன மாதம் அந்த வேப்ப மரத்தடியில் நான் மூடியைக் கழற்றியபோது நாலைந்து பெண்பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "ஏட்டி, உள்ள ஃபேன் இருக்கு பாரு" என்றது ஒன்று. கணினி அறிவியல் பிரிவில் இரண்டு வருஷம் படித்த பிள்ளை, உள்ளே விசிறி இருப்பதைப் பெட்டி ஏலத்துக்குப் போகும்போதுதான் பார்க்கிறது.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி வந்தபோது கதை மாறியது. முதன்முறையாக இயந்திரம் வீட்டுக்கே வந்தது. பீடி சுற்றுகிற வீட்டுக்கும் வந்தது, பனையேறுகிற வீட்டுக்கும் வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது, ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. அதை அழித்து விண்டோஸ் மட்டும் போட்டுத் தரச்சொல்லி என் கடை வாசலில் வரிசை நின்றது. நானும் அழித்தேன், ஒன்றுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு. இன்றைக்கு அதே மடிக்கணினிகள் திரும்பி வருகின்றன. போன வாரம் முக்கூடலிலிருந்து ஒன்று. அக்கா படித்தது, தம்பி எடுத்து வந்திருக்கிறான். பேட்டரி உப்பி, தொடுதட்டு மேலே எழும்பி நின்றது. பேட்டரியைக் கழற்றிப் போட்டு, பழைய வட்டுக்குப் பதில் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். நான் அழித்ததை நானே திரும்பப் போடுகிறேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரப்போவதைப் பற்றி.

மூடி திறந்த பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், உலகமே கிளவுடு என்கிற மேகத்துக்குப் போய்விட்டதே என்று. அங்கேதான் வருகிறேன். மேகம் என்பது என்ன? பேராசிரியர் அட்டைக் கட்டை நீட்டிய சன்னல்தான். இப்போது சன்னல் போனுக்குள் இருக்கிறது, பதில் மறுநாள் வராமல் மறு நொடி வருகிறது. இயந்திரம் மறுபடி வேறொருவருடையது, எங்கேயோ இருக்கிறது, மாத வாடகை. வாடகை கேட்காவிட்டால் வேறு எதையோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஊஞ்சல் அந்தப் பக்கம் போய்விட்டது.

அதன் விலையை நான் கடையிலேயே பார்க்கிறேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறு ஏறு என்று ஏறியது. உலகத்தில் செய்கிற நினைவகச் சில்லுகளைப் பெரிய பெரிய ஏ.ஐ. கூடங்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போனால் பாளையங்கோட்டைக்கு என்ன மிஞ்சும்? கல்லூரிப் பையன் விலையைக் கேட்டுவிட்டு, "அப்புறம் வாரேன் பாய்" என்று போகிறான். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஊஞ்சல் திரும்பியும் வரும் என்பதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். எட்டு வருஷத்துப் பழைய மடிக்கணினி, 8 ஜி.பி. ரேம். அதில் இலவசமாகக் கிடைக்கிற சின்ன மொழி மாதிரி (கேட்டதற்குப் பதில் எழுதும் ஏ.ஐ. நிரல்) ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பிள்ளைகளிடம் நெட் வயரைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, கேள் என்பேன். கேட்பார்கள். விசிறி இரைய, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகப் பதில் வரும். "நெட்டே இல்லாம எப்படிப் பேசுது?" என்று மிரள்வார்கள். அது எங்கேயும் போய்க் கேட்டுவரவில்லை, இந்தப் பெட்டிக்குள் பெருக்கல் கணக்குதான் நடக்கிறது, சூடு தெரிகிறதா, கை வைத்துப் பார் என்பேன். அந்தச் சூட்டில் கை வைத்த பிள்ளைக்கு ஏ.ஐ. மாயம் இல்லை என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பதில்கள் பாதி உளறல். சொதி என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். பண்டிகை நாளில் செய்யும் இனிப்பு என்றது. சோற்றில் ஊற்றுகிற தேங்காய்ப்பால் குழம்பு அது. மறுவீட்டுச் சொதிக்குப் பந்தியில் இடம் பிடித்த ஊரில் வந்து இப்படிச் சொன்னால்? கடையே சிரித்தது. ஏன் அப்படிச் சொல்கிறது என்ற கேள்விதான் அடுத்த பாடம்.

அதற்கு ஒரு காரணம் நம் எழுத்து கணினிக்குள் கிடக்கும் விதம். 'திருநெல்வேலி' எத்தனை எழுத்து? தி, ரு, நெ, ல், வே, லி. ஆறு. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடில் அது பன்னிரண்டு குறி, ஏனென்றால் கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் ஒரு குறிக்கு மூன்று பைட்டு, ஆக முப்பத்தாறு. ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயர் பதினோரு பைட்டில் முடிந்துவிடும். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தை அதிகம் பார்த்துச் செய்த வெட்டுக்கத்தி தமிழைக் கொத்துக்கறி போடும். துண்டு கூடினால் நேரம் கூடும், வாடகை கூடும், புரிவது குறையும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி தரும் டேஸ்-16ஐயும் யூனிகோடோடு சேர்த்து 2010இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அதில் 'திருநெல்வேலி' பன்னிரண்டு பைட்டு. ஆனால் உலகம் யூனிகோடோடு போய்விட்டது. யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள், அப்போது நாம் எங்கே இருந்தோம் என்பதும் கணினி வரலாறுதான். இந்த ஆறு, பன்னிரண்டு, முப்பத்தாறு கணக்கைக் கரும்பலகையில் போட ஒரு பாடவேளைகூட ஆகாது.

இன்னொரு கதை. பாபேஜ் லண்டனில் கணக்கு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, எண்களைச் சொல்லில் பொதிந்து மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டு மே கடைசியில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். கிரகணம் பிடிக்கிற நேரம் நாலு நிமிடம்தான் பிசகியது. விடுகிற நேரம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் தவறியது. வாரனை வியக்க வைத்தது இன்னொன்று: அந்த மனிதருக்கு வானியல் கொள்கை ஒன்றுமே தெரியவில்லை. எந்தச் சோழியை எப்போது எங்கே நகர்த்த வேண்டும் என்பது மட்டும் தெரியும். நிரல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சொதியை இனிப்பு என்ற என் மடிக்கணினியும் அவர் வம்சம்தான், ஒரு வித்தியாசம், அவர் கணக்கைச் சரிபார்க்க வானம் இருந்தது.

குவாண்டம் கணினி பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். 2023இல் ஒன்றிய அரசு அதையும் சேர்த்துக் குவாண்டம் துறைக்கு 6,003 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் அறிவித்தது. மூலக்கூறு ஆய்வு, ரகசியக் குறியீடு என்று சில வேலைகளுக்கு அது பெரிசாக உதவலாம், உங்கள் மதிப்பெண் பட்டியலை வேகமாகப் போட்டுத் தராது. இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பழுது பார்க்க வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு அதிகம் உறைப்பது மின்சாரமும் தண்ணீரும். பெரிய கணினிக் கூடங்களுக்கு இரண்டும் வேண்டும், ஓட்டுவதற்கு ஒன்று, பல இடங்களில் குளிர்விக்க இன்னொன்று. நம் பக்கம் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட்டு உலை இரண்டு ஓடுகிறது, பணகுடி வழியாகப் போனால் காற்றாலைகள் சுற்றுகின்றன. யாராவது ஒரு நாள் இங்கேயும் கூடம் கட்ட வருவார்கள். வரட்டும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத முடியும் என்று ஸோஹோ காட்டிய பிறகு, இங்கே என்ன வரும் என்று யாரும் ஏளனமாகக் கேட்பதில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் இருக்கும் அலுவலகம் வேறு, இயந்திரங்கள் மட்டும் இருக்கும் கூடம் வேறு. எத்தனை பேருக்கு வேலை, தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள், சூடான தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க இன்று உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சி.பி.யூ.வின் மேல் வெப்பத்தகட்டைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஏலத்துக்கு நாள் குறித்திருந்தால் முன்னால் எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள். பெட்டியை நான் தேர்ந்தெடுத்துத் தருகிறேன், தூசி தட்டி, கண்டென்சர் உப்பியிருக்கிறதா பார்த்து, லினக்ஸ் போட்டு. பவர் சப்ளையை மட்டும் யாரும் திறக்காதபடி திருகை மாற்றிவிடுவேன், அதற்குள் மின்சாரம் மிச்சம் நிற்கும். காசு வேண்டாம். பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும், கற்பித்தல் கருவி என்று எழுதலாம் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொன்னார்.

கூப்பிட்டால் ஒரு பாடவேளை நானும் வருகிறேன். புத்தக அடையாளமாக இருந்த அந்தத் துளை அட்டை, காந்த வளையச் சட்டம், கருகிப்போன கேம் அட்டை மூன்றையும் எடுத்து வருவேன். கை மாறி கை போகட்டும், தொலைந்தால் தொலையட்டும் என்று சொல்ல ஆசைதான், துளை அட்டையை மட்டும் மறக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள். உம்மாவுக்கு முட்டு வலி, இல்லாவிட்டால் பாவையும் ஊடையையும் அவளே வந்து சொல்வாள். சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்துப் பள்ளிகளென்றால் பிள்ளைகளை வீட்டுக்கே கூட்டி வாருங்கள், தறி இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது.

எந்தக் கிழமையானாலும் சரி. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், கடை அடைத்திருக்கும்.

இப்படிக்கு,
பத்தமடையில் பிறந்து பாளையங்கோட்டையில் பெட்டி திறப்பவன்